மலையில் கண்ட மஞ்சள் பூ

உதகமண்டலம் போய்வரும் சகோதரிகள் தைலமும் வர்க்கியும் வாங்கி வருவது வழக்கம். சிலர் அத்துடன் நிற்பதில்லை. சாலையோரத்தில் புதர் புதராய்ப் பூத்திருக்கும் மஞ்சள் பூவைக் கண்டதும் வண்டியை நிறுத்தச் சொல்லி, ஒரு கிளையை ஒடித்து ஈரத்துணியில் சுற்றி எடுத்து வந்துவிடுகிறார்கள். இலை அதிகம் இராது. பச்சைக் குச்சிகள் விளக்குமாறுபோல் நிமிர்ந்து நிற்கும். பூ, பட்டாணிப் பூவின் ஜாடை. அதுதான் ஸ்காட்ச் புரூம். ஐரோப்பாவில் அந்தக் குச்சிகளைக் கட்டித்தான் வீடு பெருக்கினார்கள். செடியின் பெயரே பிறகு துடைப்பத்துக்கும் ஆயிற்று!

இதைத் தொட்டியில் வைக்கலாமா என்றால், சென்னை, மதுரை வெயிலில் அது பிழைக்காது. வீண் சிரமம். குளிர்ந்த மலைப் பிரதேசத்தில் வீடு உள்ளவர்களோ, தயவு செய்து வைக்கவே கூடாது. காரணம் அதன் விதையில் இருக்கிறது. காய் முற்றி வெயில் பட்டதும் ஓடு முறுக்கிக்கொண்டு படீரென்று வெடிக்கும். விதைகள் எட்டத் தெறித்து விழும். விழுந்த விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். இன்று நீங்கள் செடியைப் பிடுங்கி எறிந்தாலும், உங்கள் பேத்தி மண்ணைக் கொத்தும்போது அது முளைக்கும்.

நீலகிரியில் பிரிட்டிஷ்காரர் கொண்டுவந்து வைத்த அலங்காரச் செடி அது. வேலி தாண்டிப் போய், சோலைக் காடுகளுக்கு இடையிலுள்ள புல்வெளிகளைப் பிடித்துக்கொண்டுவிட்டது. தோதவர்களின் எருமைகள் மேய்வதும், 2018ல் குறிஞ்சி பூத்ததும் அப்படிப்பட்ட புல்வெளிகளில்தான். புதர் மூடிய இடத்தில் புல் ஏது? வெட்டினாலும் அடிக்கட்டையிலிருந்து துளிர்க்கிறது. இன்னொரு விஷயம்: அந்தச் செடியில் விஷச் சத்து உண்டு. பூ அழகாயிருக்கிறதே என்று குழந்தைகள் வாயில் வைக்கவிடாதீர்கள்.

மஞ்சள் பூதான் வேண்டுமென்றால் நம் ஆவாரை இருக்கிறதே! ரயிலில் போகும்போது கரிசலிலும் பொட்டலிலும் ஜன்னலுக்கு வெளியே எத்தனை முறை பார்த்திருப்பீர்கள்! இலவசமாய்க் கிடைப்பதால்தானோ என்னவோ, அதற்கு வீட்டுக்குள் மரியாதை இல்லை.

பழுப்பேறிய தட்டைக் காய்களைச் சேகரித்து விதையைப் பிரித்துக்கொள்ளுங்கள். விதையின் தோல் கெட்டி. அப்படியே ஊன்றினால் பாதி முளைக்காது. நீரைக் கொதிக்க வைத்து இறக்கி, சற்று ஆறியதும் விதைகளைப் போட்டு இரவு முழுவதும் ஊறவிடுங்கள். உப்பிய விதைகளை மட்டும் சிறு பைகளில் அரை அங்குல ஆழத்தில் ஊன்றுங்கள். நாற்று சாண் உயரம் வருமுன்பே, வேர் கலையாமல், நிலையான இடத்துக்கு மாற்றிவிடவேண்டும். ஆணிவேர் இறங்கியபின் இடம் மாற்றினால் கோபித்துக்கொள்ளும்.

தொட்டியானால் ஒன்றரை அடியாவது ஆழம் இருக்கட்டும். செம்மண்ணுடன் மணலைத் தாராளமாய்க் கலக்கலாம். எருவுக்கு ஒரு கை போதும். நாள் முழுவதும் வெயில் அடிக்கிற மொட்டைமாடி அதற்குச் சொர்க்கம். நம் வீடுகளில் ஆவாரை செத்துப்போவது பெரும்பாலும் தண்ணீர் அதிகமாகித்தான். மண் காய்ந்தபின் ஊற்றுங்கள், அடியில் தண்ணீர் தேங்கவிடாதீர்கள். இலையில் பச்சைப் புழு தென்பட்டால் மருந்தடிக்க ஓடவேண்டாம். சில நாளில் அது மஞ்சள் பட்டாம்பூச்சியாய்ப் பறந்துவிடும்.

பூத்த பிறகு உங்களுக்குத் தெரியாததா! பாசிப்பருப்புடன் கூட்டு வைக்கலாம். நிழலில் உலர்த்திப் பயத்தம் மாவுடன் அரைத்துக் குளிக்கலாம். கஷாயமாய்க் குடிக்க விரும்பினால், சர்க்கரை வியாதிக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொண்டு செய்வது நல்லது.

செடி ஓங்கி வளர்ந்தால் கிளைகளைப் பாதியாகக் கழித்துவிடவேண்டும். பக்கக்கிளை விட்டு அடர்த்தியாகும். ஆனால் மார்கழியில் கத்தரிக்கோலை எடுத்துவிடாதீர்கள். போகியன்று காப்புக் கட்ட வேப்பிலையும் பூளைப்பூவும் கடையில் வாங்கினாலும், ஆவாரங்கொத்தாவது உங்கள் மாடியிலிருந்து வரட்டும். கழிப்பதைப் பொங்கல் கழிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.