காது தெளிவாக இருக்கிறது

கொல்கத்தாவில் நான் பணியாற்றும் கிளைக்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மூதாட்டி வந்தார். கணவர் இறந்து ஒரு வாரமே ஆகியிருந்தது. கூட்டுக் கணக்கிலிருந்து கணவரின் பெயரை நீக்குவதற்கான விண்ணப்பத்தையும் இறப்புச் சான்றிதழின் நகலையும் கொடுத்த பின்னும் அவர் இருக்கையை விட்டு எழவில்லை. வேறு ஏதேனும் உதவி வேண்டுமா என்று கேட்டேன். கணக்குத் தொடங்கியபோது படிவத்தில் ஒட்டிய கணவரின் படம் வங்கியில் இன்னும் இருக்குமா, அதை ஒருமுறை பார்க்கலாமா என்று தயங்கியபடி கேட்டார். சிராத்தத்தன்று மாலையிட்டு வைப்பதற்கு வீட்டில் முகம் தெரியும்படியான படம் ஒன்றுகூட இல்லையாம்.

படிவம் இருவர் பெயரிலும் இருந்ததால் மேலாளரின் ஒப்புதலுடன் பழைய கட்டுகளைத் தேடி எடுத்தோம். கடவுச்சீட்டு அளவில் ஒரு படம். வங்கி முத்திரையின் ஊதா மை தோள்பட்டையில் படிந்திருந்தது. அவர் தம் கைப்பேசியில் அதைப் படம் பிடித்துக்கொண்டார். அந்தக் கைப்பேசியில் பேரனின் படங்கள் நூற்றுக்கணக்கில் இருந்ததைக் கண்டேன். கணவரும் அவற்றுள் இருந்தார், ஆனால் பாதி முகமாக, திரும்பிய முதுகாக, பேரனைத் தூக்கிப் பிடித்த இரண்டு கைகளாக.

ஒளிப்படக் கலையைப் பற்றி எழுதப் புகுந்தவன் இந்த நிகழ்ச்சியிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. படம் எடுப்பது இன்று மூச்சு விடுவதுபோல் எளிதாகிவிட்டது. எளிதாகிவிட்டதாலேயே அதைக் கற்க வேண்டியதில்லை என்றும் நாம் எண்ணிக்கொண்டோம். அந்த எண்ணம் தவறு என்பது என் கருத்து. அந்தத் தவற்றுக்கு நான் கொடுத்த விலையையும் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு நாற்பது வயது கடந்தபோது ஒரு கேமரா வாங்கினேன். பதினெட்டு மாதத் தவணை, 'பூஜ்ய வட்டி'. வட்டியே இல்லாத கடன் என்று ஒன்று கிடையாது என்பதை வாடிக்கையாளர்களிடம் நாள்தோறும் விளக்குபவன் நான். செயலாக்கக் கட்டணமாகவோ, ரொக்கம் கொடுத்திருந்தால் கிடைத்திருக்கும் தள்ளுபடியின் இழப்பாகவோ அந்த வட்டி வேறு உருவில் வந்தே தீரும். தெரிந்திருந்தும் கையெழுத்திட்டேன். ஆசை கண்ணை மறைக்கும்போது வங்கி அதிகாரியும் ஒரு வாடிக்கையாளரே. கேமராவோடு எஃப் 1.8 லென்ஸ் ஒன்றையும் வாங்கினேன். பின்னணி பஞ்சுபோல் மங்கி, முகம் மட்டும் பளிச்சென்று நிற்கும் படங்களை அந்த லென்ஸ் தரும் என்று சொன்னார்கள்.

அந்தக் குளிர்காலத்தில் என் தந்தையார் கொல்கத்தா வந்தார். பத்து நாள்கள் தங்கினார். தட்சிணேசுவரம், பேலூர், விக்டோரியா நினைவு மண்டபம் என்று சென்ற இடமெல்லாம் அவரைப் படமெடுத்தேன். கேமராவின் சிறிய திரையில் எல்லாமே அழகாகத் தெரிந்தன. ஊருக்குத் திரும்பிய பதினான்காம் மாதம் அவர் காலமானார். அதன் பிறகுதான் அந்தப் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

அவற்றுள் ஒன்றை, நான் அப்போதுதான் சேர்ந்திருந்த இணையவழி ஒளிப்படக் குழு ஒன்றில் பகிர்ந்தேன். இந்தியாவின் பல ஊர்களிலிருந்தும் அறுபது பேர் அளவில் அதில் இருந்தனர். கல்லூரி மாணவர்கள், இல்லத்தரசிகள், பணி ஓய்வு பெற்றவர்கள் எனப் பலதரப்பட்டவர்கள். ஓய்வுபெற்ற ரயில்வே பொறியாளர் ஒருவர் என் படத்தின்கீழ் இப்படி எழுதினார்: "காது தெளிவாக இருக்கிறது."

அதற்குமேல் ஒரு சொல்லும் இல்லை. எனக்குக் கோபம் வந்தது. இறந்துபோன தந்தையின் படம் என்று குறிப்பிட்டிருந்தேனே, இவ்வளவுதான் இவருக்குச் சொல்லத் தோன்றியதா என்று நினைத்தேன். இரண்டு வாரம் குழுவின் பக்கமே போகவில்லை. பிறகு ஓர் இரவு படத்தை முழு அளவில் திறந்து பார்த்தேன். அவர் சொன்னது உண்மை. காதின் மடலில் இருந்த மெல்லிய நரைமுடிகூடத் தெளிவாக இருந்தது. கண்கள் மங்கியிருந்தன. அன்று எடுத்த மற்ற படங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்தேன். சிலவற்றில் சால்வையின் கரை தெளிவு, சிலவற்றில் சட்டைப் பொத்தான். அப்பாவின் கண்கள் உள்ளபடி பதிந்த படங்கள் மூன்றே மூன்று.

மீண்டும் குழுவுக்குச் சென்று காரணம் கேட்டேன். அந்தப் பெரியவர் பொறுமையாக விளக்கினார். 50 மில்லிமீட்டர் லென்ஸில் எஃப் 1.8 வைத்து, ஒரு மீட்டர் தொலைவிலிருந்து முகத்தை எடுத்தால், தெளிவாகப் பதியும் ஆழம் மூன்று, நான்கு சென்டிமீட்டர்தான். கண்ணுக்கும் காதுக்கும் உள்ள தொலைவு அதைவிட அதிகம். குவியம் எங்கே விழவேண்டும் என்பதை நான் முடிவு செய்யாமல் கேமராவிடம் விட்டுவிட்டேன். அது காதைத் தேர்ந்தெடுத்துக்கொண்டது. எஃப் 5.6 என்று வைத்து, குவியப் புள்ளியைக் கண்ணின்மேல் நிறுத்தியிருந்தால் போதும். ஐந்து நிமிடத்தில் கற்றிருக்கக்கூடிய செய்தி. தவணை கட்டி முடிப்பதற்குள் நான் அதைக் கற்கவில்லை.

அதன்பின் முறையாகக் கற்கத் தொடங்கினேன். நான் வணிகவியல் படித்தவன். லென்ஸின்மேல் பொறித்திருக்கும் எண்கள் முதலில் மிரட்டின. 1.4, 2, 2.8, 4, 5.6, 8, 11, 16 என்று செல்லும் வரிசையில் என்ன ஒழுங்கு இருக்கிறது? ஒவ்வொரு படி ஏறும்போதும் உள்ளே வரும் ஒளி பாதியாகிறது என்று அறிந்தபோது அச்சம் நீங்கியது. ஷட்டர் 1/60 விநாடியிலிருந்து 1/125 ஆனாலும் ஒளி பாதியாகிறது. ஐஎஸ்ஓ 100இலிருந்து 200 ஆனால் அதே ஒளி இருமடங்காகப் பதிகிறது. அப்படியென்றால் இது நமக்குப் பழகிய இரட்டைப் பதிவு முறைதான். ஒரு பக்கத்தில் ஒரு படி பற்று வைத்தால் மறு பக்கத்தில் ஒரு படி வரவு வைக்க வேண்டும். அப்போதுதான் கணக்கு நேராகும். ஆனால் கணக்கு நேரானால் மட்டும் படம் அமைந்துவிடாது. துளையை அகலத் திறந்தால் ஆழம் போகும். ஷட்டரை மெதுவாக்கினால் அசைவு மங்கும். ஐஎஸ்ஓவை உயர்த்தினால் படத்தில் மணல் தூவியதுபோல் புள்ளிகள் தோன்றும். எந்த இழப்பை ஏற்பது என்பதே ஒவ்வொரு முறையும் எடுக்க வேண்டிய முடிவு.

ஹவுரா பாலத்தின் அடியில் உள்ள மல்லிக் காட் பூச்சந்தைக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் விடியும் முன்பே போவேன். அங்கே குவிந்திருக்கும் சம்பங்கிப் பூக்களை எடுத்தேன். வெள்ளைப் பூக்கள் அழுக்குச் சாம்பல் நிறத்தில் பதிந்தன. கேமரா பழுதோ என்று ஐயுற்றேன். பழுதில்லை. கேமராவின் ஒளியளவி தனக்கு முன்னால் இருப்பது நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே எப்போதும் எடுத்துக்கொள்ளும். வெள்ளை மிகுந்த காட்சியைக் கண்டால் ஒளி அதிகம் என்று நினைத்துக் குறைத்துவிடும். நாம்தான் ஒரு படி கூட்டிக் கொடுக்க வேண்டும். வெள்ளைச் சுவருக்கு முன்னால் நிறுத்தி எடுத்த நம் வீட்டுப் பெரியவர்களின் முகங்கள் ஏன் இருண்டு கிடக்கின்றன என்பது அன்றுதான் விளங்கியது. நம் நிறத்தின்மேல் குற்றம் இல்லை. இது கைப்பேசிக்கும் பொருந்தும். திரையில் முகத்தின்மேல் விரலை வைத்துவிட்டு, வெளிச்சத்தைக் கூட்டும் குறியை மேலே நகர்த்தினால் போதும். இதற்குப் புதிய கேமரா தேவையில்லை. முதல் ஓராண்டு கையில் இருப்பதைக் கொண்டே பழகுங்கள் என்பேன். வாங்க நினைத்த கேமராவின் தவணைத் தொகையை அந்த ஓராண்டும் தொடர்வைப்பில் போட்டுவாருங்கள். ஆசை நிலைத்தால் ரொக்கமாக வாங்கலாம், நிலைக்காவிட்டால் பணம் இருக்கும்.

இனி, குழுவில் சேர்ந்து கற்பது பற்றி. "அருமை", "அற்புதம்" என்ற சொற்களும் கைதட்டும் சின்னங்களும் குவியும் குழுக்கள் ஏராளம். அவற்றால் மனத்துக்கு மகிழ்ச்சி உண்டு, கைக்குப் பயிற்சி இல்லை. எங்கள் குழுவில் இரண்டு விதிகள். வாரத்துக்கு ஒருவர் ஒரே ஒரு படம்தான் இடலாம். இடுவதற்கு முன் மற்றவர்களின் மூன்று படங்களைப் பற்றிக் கருத்து எழுதியிருக்க வேண்டும். முதல் விதி நம் படங்களுள் எது சிறந்தது என்று நம்மையே தேர்ந்தெடுக்க வைக்கிறது. இரண்டாம் விதியின் பயன் இன்னும் பெரிது. பிறர் படத்தின் குறையைச் சொல்லாகச் சொல்ல முயலும்போதுதான் நம் கண் பழகுகிறது.

குறை சொன்னால் புதியவர்கள் மனம் உடைந்து விலகிவிடுவார்களே என்று கேட்பவர்கள் உண்டு. விலகினார்கள்தான். நானே இரண்டு வாரம் விலகியிருந்தேன். அந்தப் பெரியவர் இன்னும் இரண்டு வரி சேர்த்து எழுதியிருக்கலாம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். குறையைச் சொல்பவர் அதைத் திருத்தும் வழியையும் சேர்த்துச் சொல்வது கடமை. ஆனால் சொல்லாமல் விடுவது கருணை ஆகாது. கிளைக்கு வரும் தணிக்கையாளர் எல்லாவற்றுக்கும் 'திருப்தி' என்று எழுதிவிட்டுப் போனால் அன்றைய மதிய உணவு இனிக்கும். பின்னால் வரும் தொல்லை யாருக்கு?

ஒருவர் படத்தை ஒருவர் பார்த்துத் திருத்தும் வழக்கம் இந்த நாட்டுக்குப் புதிதன்று. லண்டனில் ஒளிப்படச் சங்கம் 1853இல் தொடங்கியது என்றால், மறு ஆண்டே பம்பாயில் ஒன்று தொடங்கிவிட்டது. 1856இல் வங்காள ஒளிப்படச் சங்கம் பிறந்தது. அதன் பொருளாளராக இருந்தவர் அறிஞர் ராஜேந்திரலால் மித்ரா. அவுரித் தோட்ட வெள்ளையர்களைக் கண்டித்துப் பேசியதற்காக மறு ஆண்டே அவரைச் சங்கத்திலிருந்து வெளியேற்றினார்கள். படத்தின் குறையைச் சொல்லலாம், தோட்டத்தின் குறையைச் சொல்லக்கூடாது என்பது அன்றைய விதி போலும்.

இதே நகரில்தான் சுப்ரதா மித்ரா வாழ்ந்தார். 'பதேர் பாஞ்சாலி' படப்பிடிப்பு தொடங்கியபோது அவர் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தார். அதற்குமுன் அவர் திரைப்படக் கேமராவை இயக்கியதே இல்லை. 'அபராஜிதோ' படத்துக்காகக் காசியின் பழைய வீட்டு முற்றத்தை ஸ்டூடியோவுக்குள் அமைத்தபோது, மேலே வெள்ளைத் துணியை விரித்துக் கட்டி, விளக்கொளியை அதில் பட்டுத் திரும்பும்படி செய்தார். திறந்த முற்றத்தில் இறங்கும் வான்வெளிச்சம் போலவே அது அமைந்தது. கற்றுக்கொள்ள ஒரு துணி போதும் என்று அதிலிருந்து நான் எடுத்துக்கொண்டேன். என்னிடம் வெள்ளை வேட்டி இருந்தது.

சென்ற ஆண்டு நவம்பரில் அந்த வேட்டிக்கு வேலை வந்தது. ஓய்வூதியர்கள் வாழ்வுச் சான்றிதழ் கொடுக்க வரும் மாதம் அது. எங்கள் கிளையில் வடக்குப் பார்த்த பெரிய ஜன்னல் ஒன்று உண்டு. அதன் ஓரத்து பெஞ்சில்தான் அவர்கள் காத்திருப்பார்கள். பெயர் நீக்க வந்த அந்த மூதாட்டியை நான் மறக்கவில்லை. மேலாளரிடம் பேசி, விரும்புகிறவர்களை மட்டும், உணவு இடைவேளையில் படமெடுக்க ஒப்புதல் பெற்றேன். ஜன்னலின் எதிர்ப்புறம் இரண்டு நாற்காலிகளின் முதுகில் வேட்டியைக் கட்டினேன். நிழல் விழுந்த கன்னத்தில் மெல்லிய வெளிச்சம் ஏறியது. எஃப் 5.6, 1/125 விநாடி, குவியம் அருகில் உள்ள கண்ணின்மேல். முப்பத்தெட்டுப் பேர் சம்மதித்தார்கள். கேட்காமல் எவரையும் எடுக்கவில்லை. குமார்டுலியில் ஒரு சிற்பி, "பொம்மையை எடுங்கள், என்னைக் கேட்டுவிட்டு எடுங்கள்" என்று ஒருமுறை சொன்னதிலிருந்து அந்தப் பழக்கம் வந்தது. எடுத்தவற்றைக் குழுவில் காட்டவும் தனியே ஒப்புதல் கேட்டேன். நான்கு பேர் தந்தார்கள்.

ஒவ்வொருவருக்கும் ஓர் அச்சுப் பிரதியும், பிள்ளைகளின் கைப்பேசிக்கு ஒரு நகலும் கொடுத்தேன். அச்சுப் போட்டுத் தருவதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். உலகின் மிகப் பழைய ஸ்டூடியோக்களுள் ஒன்றான போர்ன் அண்டு ஷெப்பர்டு இந்த நகரில்தான் இருந்தது. 1991இல் ஏற்பட்ட தீவிபத்தில் அதன் பழம்படங்களுள் பெரும்பகுதி அழிந்தது. 2016இல் கடையும் மூடப்பட்டது. ஒரே இடத்தில் மட்டும் இருக்கும் எதுவும், அது கண்ணாடித் தகடானாலும் கைப்பேசியானாலும், பத்திரமானது அன்று.

படம் பெற்றுக்கொண்டவர்கள் பெரும்பாலும் சிரித்தார்கள், சிலர் பையில் பத்திரப்படுத்தினார்கள். எண்பத்திரண்டு வயதான பள்ளி ஆசிரியர் ஒருவர் மட்டும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதை ஜன்னல் அருகே கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னிடம் திரும்ப நீட்டினார். கண் நன்றாக வந்திருக்கிறதாம். ஆனால் இடது தோளின் ஓரம் வெட்டுப்பட்டிருக்கிறது, சட்டையின் மேல்பொத்தானும் போடவில்லை, அதை நான் கவனித்துச் சொல்லியிருக்க வேண்டாமா என்று கேட்டார்.

இரண்டும் உண்மைதான். அவர் பொத்தானைப் போட்டுக்கொண்டு பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்தார். நான் வேட்டியை மீண்டும் கட்டப் போனேன்.