"பாட்டைச் சத்தமா வெச்சுக்குங்க சார்"

இன்று கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

எங்கள் பழைய பெட்ரோல் காரில் ஒரு மாதமாக 'உஸ்ஸ்' என்று ஒரு சத்தம். சிக்னலில் நின்றால் இன்ஜின் லேசாக உதறும். பிரேக்கும் வழக்கத்தைவிடக் கட்டியாக இருந்தது. பெரிய ஒர்க்‌ஷாப் ஒன்றுக்குக் கொண்டுபோனேன் (பெயர் வேண்டாம்). ஒரு தம்பி ஸ்கேனரைச் சொருகிப் பார்த்துவிட்டு, "கோடு எதுவும் வரலை சார். ஏ.சி. கம்ப்ரசரா இருக்கும், மாத்திடலாம்" என்றார். 22 ஆயிரம் ரூபாயாம்! ஏ.சி.யை அணைத்தாலும் சத்தம் வருகிறதே என்றேன். "அப்ப பாட்டைச் சத்தமா வெச்சுக்குங்க சார்" என்று பதில். பானட்டைத் திறக்கவே இல்லை.

தறிச் சத்தத்தில் வளர்ந்த ஊர் நம் ஆரணி. சத்தம் மாறினால் நெசவாளர் தறியை நிறுத்திவிட்டு என்னவென்று பார்ப்பார். பாட்டைக் கூட்டி வைக்க மாட்டார்.

மறுநாள் ஊரிலேயே ஒரு சின்ன ஷெட். அந்தப் பெரியவர் இன்ஜினை ஓடவிட்டு, மூன்றடி ரப்பர் டியூபின் ஒரு முனையைக் காதில் வைத்தார். மறுமுனையை ஃபேன், பெல்ட் பக்கம் போகாமல் ஒவ்வொரு ஹோஸாகக் கொண்டுபோனார். பத்து நிமிஷத்தில் பிடித்துவிட்டார். பிரேக் பூஸ்டருக்குப் போகும் வேக்குவம் ஹோஸ், கிளிப் மாட்டும் இடத்தில் வெடித்திருந்தது.

இன்ஜின் காற்றை உறிஞ்சுவதால் பூஸ்டருக்குள் அழுத்தம் குறைகிறது. பிரேக்கை மிதித்ததும் ஒரு பக்கம் வெளிக்காற்று புகுந்து தள்ளுகிறது. அதனால்தான் நம் கால் லேசாக அழுத்தினாலே வண்டி நிற்கிறது. வளிமண்டல அழுத்தம், பள்ளிக்கூடப் பாடம்தான்! ஹோஸ் வெடித்தால் அந்த உதவி போய்விடும்; முழு பலத்தையும் நம் காலே கொடுக்க வேண்டும். போன மாதம் ஜமுனாமரத்தூரிலிருந்து போளூருக்கு மலை இறங்கியது இதே வண்டியில்தான். பின்சீட்டில் பேத்தி.

சின்னக் கசிவை ஸ்கேனர் காட்டாமலும் போகலாம். காது காட்டும், கால் காட்டும். நீங்களே பார்க்கலாம்: வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, இன்ஜினை அணைத்துவிட்டு பெடல் இறுகும்வரை நாலைந்து முறை மிதியுங்கள். காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் அந்த வண்டியை எடுக்காதீர்கள்.

"சார், இப்ப யாருக்கு நேரம் இருக்கு?" என்று சிலர் கேட்பீர்கள். நியாயம்தான், தப்பு நம் பக்கமும் இருக்கிறது. சாமான் மாற்றினால் ஆயிரக்கணக்கில் கொடுப்போம். கண்டுபிடித்ததற்கு 200 ரூபாய் கேட்டால், "என்னப்பா, சும்மா பார்த்ததுக்கா?" என்போம். அப்புறம் அந்தத் தம்பி ஏன் பானட்டைத் திறக்கப் போகிறார்?

பெரியவர் பிரேக்குக்கான கெட்டி ஹோஸைத்தான் போட்டார். சாதாரணத் தண்ணி டியூப் உறிஞ்சலில் சப்பிவிடுமாம். ஹோஸ், கிளிப், கூலி எல்லாம் சேர்த்து 650 ரூபாய். வண்டி உதறலும் நின்றது.

ஒன்று விட்டுப்போச்சு. ஏ.சி.யை அணைத்ததும் சில விநாடி 'உஸ்' என்று கேட்டு நின்றால் அது கேஸ் அழுத்தம் சமமாகும் சத்தம், பயப்பட வேண்டாம். ஆனால் ரேடியேட்டர் பக்கம் ஆவியோடு சீறினால் இன்ஜினை அணைத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள். நன்றாக ஆறும்வரை மூடியில் கை வைக்காதீர்கள்.