மடிக்கணினியிலும் ஹலாலைத் தேடுவோம்



கோட்டைமேட்டிலோ கரும்புக்கடையிலோ குனியமுத்தூரிலோ வாழும் நாம், இறைச்சி வாங்கும்போது அறுத்தவர் யார் என்று கேட்கிறோம். பிள்ளைகளின் மிட்டாய் உறையைத் திருப்பி, ஜெலட்டின் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்கிறோம். கடன் வாங்கும் நிலை வந்தால் வட்டியில்லா வழியைத் தேடி அலைகிறோம். அல்ஹம்துலில்லாஹ், இந்தப் பேணுதல் நம் சமுதாயத்தின் அழகு. ஆனால் வீட்டுக் கணினி பழுதாகி, அதில் விண்டோஸை மீண்டும் நிறுவ வேண்டிய நாளில் இந்தப் பேணுதல் எங்கே போய்விடுகிறது?

வழக்கமாக நடப்பதை நாம் அறிவோம். கணினியைக் கடைக்குக் கொண்டு செல்கிறோம். "ஓஎஸ் போட்டுக் கொடுங்கள்" என்கிறோம். கடைக்காரர் தம் பென்டிரைவைச் செருகி, உரிமம் இல்லாத விண்டோஸை ஏற்றி, அதன் பூட்டை உடைக்கும் 'கிராக்' ஒன்றையும் போட்டுச் சில நூறு ரூபாய் வாங்கிக்கொள்கிறார். நாம் கேட்பதுமில்லை, அவர் சொல்வதுமில்லை. அந்தக் கணினியில்தான் நம் பிள்ளைகள் குர்ஆன் ஓதப் பழகுகிறார்கள். அதில்தான் நம் ஜக்காத் கணக்கையும் எழுதுகிறோம்.

இது சிறிய விஷயமன்று. பிறர் பொருளைத் தவறான வழியில் உண்ணலாகாது என்பது அந்நிஸா அத்தியாயத்தின் 29ஆம் வசனம் நமக்கு இடும் கட்டளை. கையில் பிடிக்க முடியாத மென்பொருள் எப்படிப் பொருளாகும் என்ற ஐயம் முன்பு அறிஞர்களிடையே இருந்ததுண்டு. 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் பேரவை, தனது 43ஆம் தீர்மானத்தில் இதற்கு விடை கூறியது. நூலாசிரியரின் உரிமை, கண்டுபிடிப்பின் உரிமை, வணிகப் பெயர் ஆகியவை ஷரீஅத்தின் பார்வையில் மதிப்புள்ள உரிமைகள். அவற்றின்மீது அத்துமீறுவது கூடாது என்பதே அதன் முடிவு. நாட்டுச் சட்டமும் இதையே சொல்கிறது. களவுப் பிரதி என அறிந்தே ஒரு கணினி மென்பொருளைப் பயன்படுத்துவது, 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவின்படி தண்டனைக்குரிய குற்றம்.

"அது பல லட்சம் கோடிக்கு அதிபதியான அந்நிய நிறுவனம், நம் ஒரு கணினியால் அதற்கு என்ன நட்டம்?" என்று சிலர் கேட்கிறார்கள். ஹிஜ்ரத்தின் இரவை நினைத்துப் பார்ப்போம். கொலை செய்யத் திட்டமிட்ட மக்காவாசிகளின் அமானிதப் பொருட்கள் நபி (ஸல்) அவர்களிடம் இருந்தன. அவற்றை உரியவர்களிடம் திருப்பிக் கொடுப்பதற்காகவே அலீ (ரலி) அவர்களை ஊரில் விட்டுச் சென்றார்கள். எதிரியின் பொருளைக்கூட எடுத்துக்கொள்ளாத உத்தமரின் உம்மத் நாம். ஒரு நிறுவனம் நமக்குப் பிடிக்கவில்லை என்றால் அதன் பொருளைத் தவிர்க்கலாம். திருடிப் பயன்படுத்துவது தவிர்ப்பதாகாது.

இதில் வருந்தத்தக்கது, நம்மில் பலருக்கு இந்தத் திருட்டு தேவையே இல்லை என்பதுதான். விண்டோஸ் 10 அல்லது 11 உடன் வாங்கிய மடிக்கணினியில், அதற்கான உரிம எண் பெரும்பாலும் மதர்போர்டிலேயே பதிந்திருக்கும். வாங்கும்போதே அதற்கு விலை கொடுத்துவிட்டோம். மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து நிறுவும் கருவியை இலவசமாக இறக்கி, குறைந்தது 8 ஜிபி கொள்ளளவுள்ள காலி பென்டிரைவில் ஏற்றி, கணினியை அதிலிருந்து தொடங்கினால் போதும். முன்பிருந்த அதே பதிப்பை நிறுவி இணையத்தில் இணைத்தால், உரிமம் தானாகவே உறுதியாகும். சொந்தப் பொருளை வீட்டில் வைத்துக்கொண்டு களவுப் பொருளுக்குக் கூலி கொடுக்கிறோம்!

உரிமமே இல்லாமல் வாங்கிய கணினிக்கும், பழைய கணினிக்கும் வேறு வழி உண்டு. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 வசதி பல பழைய கணினிகளில் இல்லை. அதற்காக, நன்றாக ஓடும் கணினியைக் குப்பையில் போடுவது வீண்விரயமாகும். உபுண்டு, லினக்ஸ் மின்ட் போன்றவை விலையின்றிக் கிடைக்கின்றன. நகலெடுக்கவும் பிறருக்குக் கொடுக்கவும் அவற்றை உருவாக்கியவர்களே அனுமதி தந்திருக்கிறார்கள். நிறுவாமலேயே பென்டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கவும் முடியும். இது நமக்குப் புதிதுமன்று. 2011இல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் விண்டோஸுடன் சேர்ந்தே நம் பிள்ளைகளின் கைக்கு வந்தது. அதைத் திறந்து பார்த்தவர்கள்தாம் குறைவு.

கணினிக் கடை நடத்தும் நம் இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. வாடிக்கையாளர் உங்களிடம் தருவது அமானிதம். வட்டை அழிப்பதற்கு முன், நிக்காஹ் படங்களும் கடைக் கணக்கும் வேறோர் இடத்தில் பத்திரமாக இருக்கின்றனவா என்று கேளுங்கள். நகல் எடுத்தால், வேலை முடிந்ததும் உங்களிடமுள்ளதை அழித்துவிடுங்கள். மற்றவர் வீட்டுப் படங்களைத் திறந்து பார்க்காதீர்கள். "அசல் போடட்டுமா, லினக்ஸ் போடட்டுமா?" என்று கேட்டு, உங்கள் உழைப்புக்கு உரிய கூலியைத் தயங்காமல் வாங்குங்கள். அந்தக் கூலி ஹலால். அதில் பரக்கத்தும் உண்டு. நாமும் அந்தக் கூலியில் பேரம் பேசி அவர்களைக் கிராக் பக்கம் தள்ளாதிருப்போம்.

ஒவ்வொரு மஹல்லாவிலும் விவரம் அறிந்த கல்லூரிப் பிள்ளைகள் இருக்கிறார்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு, அஸருக்குப் பின் மதரஸாக் கூடத்தில் அவர்களை அமர்த்தி, வருவோரின் கணினிகளை முறையாகச் சீர்செய்து தர ஜமாஅத் நிர்வாகிகள் ஏற்பாடு செய்யலாம். செலவு இரண்டு பென்டிரைவ்களும் ஓர் இணைய இணைப்பும்தான்.

நம் உணவைப் போலவே நம் கருவிகளையும் தூய்மையாக்கி வைக்க வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக. ஆமீன்.