தமிழ் படிச்சா என்ன கெடைக்கும்?

இந்தக் கேள்வியை யாரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம். சேரிப் பிள்ளையிடம் கேட்கும்போது மட்டும் அதற்கு வேறு அர்த்தம் வந்துவிடுகிறது. 'மார்க் இல்ல, காசு இல்ல, வேற எதுவும் கெடைக்கல, அதான் தமிழ்' என்கிற தீர்ப்பு கேள்விக்குள்ளேயே இருக்கிறது. பி.ஏ. தமிழில் சேர்ந்தபோது என்னையும் கேட்டார்கள். தமிழய்யா ஆக வேண்டும் என்பது என் கனவு. பி.எட்.டுக்குப் பணம் புரட்ட முடியாத வருஷத்தில் வங்கித் தேர்வில் தேறினேன், குமாஸ்தா ஆனேன். வீட்டில் அடுப்பு எரிந்தது. இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. பகலில் கவுண்டர், சாயங்காலம் எங்கள் தெரு அம்பேத்கர் மன்றத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ். சம்பளமில்லாத தமிழய்யா. இந்த இரண்டு இடத்தில் நின்றுகொண்டுதான் இதை எழுதுகிறேன்.

மொழி ஆசிரியர் வேலை என்பது வரலாற்றின் வாசலில் நிற்கிற வேலை. அங்கே நிற்பவர் கதவைத் திறக்கவும் செய்யலாம், சாத்தவும் செய்யலாம்.

சாத்தியதற்குச் சாட்சி அம்பேத்கர். பள்ளியில் சமஸ்கிருதம் படிக்க விரும்பினார். தீண்டப்படாதவனுக்கு அந்த மொழி கிடையாது என்றார்கள். பாரசீகம் படிக்க வேண்டியதாயிற்று. பிற்பாடு தன் முயற்சியில் சமஸ்கிருதம் கற்று, அந்தச் சாஸ்திரங்களையே கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்டார். எதற்காக மறுத்தார்கள் என்பது அப்போதுதான் முழுசாக விளங்குகிறது.

தமிழில் இந்தக் கொடுமை இல்லை என்று நம் தமிழய்யாக்கள் மார்தட்டலாம். இங்கே சாத்துகிற விதம் வேறு. இங்கே சிவப்பு மை. எங்கள் செங்கல்பட்டுப் பக்கத்துப் பிள்ளை 'தல நோவுது' என்று எழுதினால் அடித்துவிட்டு 'வலிக்கிறது' என்று மேலே எழுதுவார்கள். என் நோட்டிலும் எழுதினார்கள். 'நோ' என்பது சங்கப் பாட்டிலும் குறளிலும் இருக்கிற வினை. இத்தனை நூற்றாண்டு அதைக் கெடாமல் வாயில் வைத்துக் காப்பாற்றியவள் கைநாட்டு வைக்கிற எங்க ஆயா. ஏட்டில் இருந்தால் செந்தமிழ், ஆயா வாயில் இருந்தால் கொச்சை. இது இலக்கணமா, சாதியா?

பரீட்சைக்கு எழுத்துத் தமிழ் வேண்டும்தான். நானும் அதைச் சொல்லித் தருகிறேன். 'இது பரீட்சைக்கு, அது உன்னோடது, ரெண்டும் தமிழ்தாண்டா' என்று சேர்த்துச் சொல்லித் தருகிறேன்.

திறந்தவர்களும் நமக்கு உண்டு. அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழைத் தொடங்கி 1914இல் சாகும்வரை நடத்தினார். தன் பாட்டனார் கந்தப்பன் கொடுத்த குறள் ஏடுதான் எல்லீஸ் துரை கைக்குப் போனது என்று எழுதினார். திருக்குறளைத் 'திரிக்குறள்' என்று வாசித்து, பௌத்தத்தின் திரிபிடகத்தோடு சேர்த்தார். இந்தச் சொல்லாராய்ச்சி மொழியியலில் நிற்குமா என்று சண்டை போடலாம். போடுவோம். ஆனால் 'இழிந்தவன்' என்று ஒதுக்கப்பட்டவன் பழைய ஏடுகளை எடுத்துக் காட்டி 'நாங்கள் பூர்வ பௌத்தர்கள்' என்று வழக்காடினானே, அதுதான் வாசிப்பு. வங்கிக்காரன் பாஷையில் சொன்னால், தாய்ப்பத்திரம் தேடுவது.

அந்தப் பத்திரம் நம்மிடம் எப்போது வந்தது? ஞான. அலாய்சியஸ் தொகுத்து 1999இல் பாளையங்கோட்டையிலிருந்து நூலாக வந்த பிறகுதான் பரவலாகக் கைக்குக் கிடைத்தது. செத்து 85 வருஷம் கழித்து. அதற்கப்புறம் பட்டம் வாங்கிய எனக்கு, என் பி.ஏ. பாடத்தில் அவர் பெயர்கூட இல்லை. 2023இல் சென்னையில் மணிமண்டபம் திறந்தார்கள். நல்லது. ஆனால் சிலை பாடம் நடத்தாது.

பாடம் நடத்தியவர் ராஜ் கௌதமன். புதுச்சேரியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர், 2024இல் மறைந்தார். 1993இல் 'தலித் பண்பாடு' எழுதினார். சங்க காலத்தைப் பொற்காலம் என்று கும்பிடாமல், அங்கே உழைத்தவன் யார், அதிகாரம் யாருடையது என்று கேட்டார். தமிழ்த் துறையில் இருந்துகொண்டே தமிழ்ப் பெருமிதத்தை விசாரித்தார். வெளியே நின்று கல்லெறிந்திருந்தால் இது நடந்திருக்காது.

என் கவுண்டருக்கு முதியோர் பணம் எடுக்க வருகிற கிழவிகள் 'கொஞ்சம் எய்திக் குடு கண்ணு' என்று சீட்டை நீட்டுவார்கள். தொகையை நான் எழுத வேண்டும், அவள் ரேகை வைக்க வேண்டும். அவள் பணம், என் எழுத்து. நான் என்ன எழுதினேன் என்று அவளால் சரிபார்க்க முடியாது. நம்ப மட்டும்தான் முடியும். நம்முடைய வரலாற்றையும் இப்படித்தான் எவனோ பூர்த்தி செய்தான், நாம் ரேகை வைத்தோம்.

தோழர்களே, டாக்டர் கனவு, கலெக்டர் கனவு வேண்டாம் என்று சொல்லவில்லை. போங்கள். நம்மில் சிலராவது தமிழ்த் துறைக்கும் போக வேண்டும். வேறு வழியில்லாமல் அல்ல, வேண்டுமென்றே. பாடத்திட்டம் போடுகிற மேசையில், வினாத்தாள் எழுதுகிற அறையில், ஐந்தாம் வகுப்பு நோட்டைத் திருத்துகிற நாற்காலியில் நம் ஆள் இருக்க வேண்டும். அதுவரைக்கும் காத்திருக்கவும் வேண்டாம். உங்கள் தெருவில் ஒரு மன்றம் இருக்கும், ஒரு குண்டு பல்பு இருக்கும். வாரத்தில் இரண்டு சாயங்காலம் போய் உட்காருங்கள். 'நோவுது' என்று எழுதுகிற பிள்ளைக்கு அந்தச் சொல்லின் வயசைச் சொல்லுங்கள்.