போர்வைக்கு ஏது பின்பக்கம்?

போடிநாயக்கனூரில் இலவம் பஞ்சு மெத்தை தைப்பவரிடம் போய், "இதில் எது முன்பக்கம், எது பின்பக்கம்?" என்று கேட்டால் சிரித்துவிடுவார். மெத்தை என்றால் புரட்டிப் போட்டுத்தானே படுக்க வேண்டும்! நீள ஊசியை இந்தப் பக்கம் குத்தி அந்தப் பக்கம் இழுத்து முடிச்சுப் போடும்போதே, இரண்டு பக்கமும் குழிகள் வரிசையாக விழுகின்றனவா என்று பார்த்துத்தான் இழுப்பார். இந்தச் சின்ன விஷயம், வெட்டுத்துணிகளை ஒட்டுப்போட்டு 'கில்ட்' தைக்கிற படித்த கூட்டத்துக்கு ஏன் புரிவதில்லை?

கில்ட் என்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. மேலே ஒட்டுத்துணி, நடுவில் பஞ்சு, கீழே ஒரு துணி, மூன்றையும் பிடித்துவைக்க ஓட்டுத் தையல். கம்பம் பள்ளத்தாக்கில் அந்தப் பெயரே தெரியாத வீடுகளிலும் பழைய சேலைகளை அடுக்கித் தைத்த விரிப்பு உண்டு. விடியுமுன் ஜீப் ஏறி ஏலத்தோட்ட வேலைக்குப் போகிற அம்மாக்கள் மார்கழிக் குளிருக்கு அதைத்தான் போர்த்துகிறார்கள். கைக்கு எந்தப் பக்கம் வருகிறதோ அந்தப் பக்கம்!

இணையத்தில் பார்த்துத் தைப்பவர்கள் கதை வேறு. முன்பக்கத்தில் நட்சத்திரம், தாமரை என்று ஒரு வாரம் உட்கார்ந்து கோர்ப்பார்கள். மிச்சத் துணியை எல்லாம் சேர்த்துப் பின்பக்கம். பிறகு தையல் கோடு எப்படிப் போவது என்று முன்பக்கத்தை மட்டும் பார்த்து முடிவு செய்வார்கள். கேட்டால், "பின்னாடி யார் பார்க்கப் போறாங்க?" போர்த்திப் படுப்பவர் உடம்பில் படுவதே அந்தப் பக்கம்தான் சாமி!

"பின்னால் ஒரே துணியாகப் போட்டால் போச்சு" என்பது அடுத்த வாதம். சேலையின் அகலம் சுமார் 45 அங்குலம். இரட்டைக் கட்டில் போர்வைக்கு 90 அங்குலமாவது வேண்டாமா? சக்கம்பட்டிக் கைத்தறிச் சேலையாக இருந்தாலும் இரண்டை இணைத்தே ஆக வேண்டும். பின்பக்க ஒட்டு ஃபேஷன் அல்ல, கணக்கு.

இனி நடப்பதைப் பாருங்கள். முன்பக்கக் கட்டங்களின் மூட்டை ஒட்டியே தையல் போட்டால், அதே கட்டம் பின்பக்கத்திலும் விழும். அங்கே இருக்கும் மூட்டுகளோ வேறு இடத்தில். மார்ஜின் ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் போன நோட்டுப் புத்தகம் மாதிரி இருக்கும். இரண்டு பக்க மூட்டுகளும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தாலோ இன்னும் மோசம். துணி மடிப்பு மேல் மடிப்பாக ஏறி ஊசி ஒடியும். பருமன் குறைய மூட்டை இரண்டு பக்கமும் விரித்துத் தேய்க்கலாம், நல்லதுதான். ஆனால் அதற்கப்புறம் மூட்டுக் கோட்டின் மேலேயே தையல் ஓட்டினால் பிடிக்கத் துணியே இருக்காது, நூல்மேல்தான் ஊசி இறங்கும். நாலு முறை துவைத்தால் வாய் பிளக்கும்.

கர்நாடகத்தின் உத்தர கன்னடத்தில் சித்தி இனப் பெண்கள் 'கவந்தி' என்று ஒரு போர்வை தைக்கிறார்கள். ஓரத்தில் தொடங்கி, விளிம்புக்கு இணையாகவே சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருகிறது தையல். எந்தத் துண்டு எங்கே முடிகிறது என்பது பற்றி அந்தக் கோட்டுக்குக் கவலையே இல்லை. மேலும் கீழும் ஒரே ஓட்டம். எந்த யூடியூப் வகுப்பும் சொல்லிக் கொடுத்ததல்ல இது!

இரண்டு பக்கமும் ஒட்டு என்றால், இந்த முனையிலிருந்து அந்த முனை வரை மூட்டுகளைச் சாய்வாகக் கடந்து போகிற கோடுதான் சரி. இல்லாவிட்டால் முழங்கையை ஊன்றிக் கை போகிற தூரத்துக்கு இழுத்த வளைவுகள். இரண்டு பக்கமும் பூப்போட்ட சேலையாக இருக்கும்போது அதன்மேல் மயில் தோகையைத் தையலில் வரைந்தால் எந்தப் பக்கத்திலும் தெரியாது, கண் வலிதான் மிச்சம். (வெறும் துணி கொஞ்சம் இருந்தால் மயிலை அங்கே ஆட விடலாம்.) நூல் நிறமும் அப்படித்தான். மேலே சிவப்பு, பாபினில் வெள்ளை என்று போட்டால், டென்ஷன் கொஞ்சம் பிசகினாலும் வெள்ளைப் பொட்டு மேலே எட்டிப் பார்க்கும். இரண்டு பக்கத்துக்கும் ஒத்துப்போகிற ஒரே நூல் போதும்.

இதெல்லாம் பார்க்க அதிக நேரம் ஆகாது. சாக்பீஸை எடுக்குமுன், பின்துணியைத் தரையில் விரித்து, அதன் மூட்டு ஓடும் இடங்களை முன்துணியின் ஓரத்தில் குண்டூசி குத்திக் குறித்துக்கொண்டால் முடிந்தது வேலை. முன்துணிக்கு ஒரு வாரம் கொடுத்தவர்களுக்கு இதற்குப் பத்து நிமிடம் கிடைக்காதா?