பெயரிடுதல் எழுதுவினைஞர் பணியா?

உயிர்களை இனங்கண்டு பெயரிட்டு வகுக்கும் பாகுபாட்டியலைப் பழைமைப்பட்ட துறையென்றும், எழுதுவினைஞர் பதிவேடு நிரப்புவதை ஒத்த பணியென்றும் இகழும் போக்கு உயிரியற் கல்வியில் வேரூன்றியுள்ளது. பரம்பரையலகு ஆய்வும் கணினியும் வளர்ந்தபின் இதற்கு வேலை யாது என வினவுவோர் பலர். முருகைக்கற்பார்களின் அடையலிற் காணப்படும் நுண்ணிய ஓடுகளே இவர்க்குத் தக்க விடை கூறும்.

அவ்வடையலில் முருகைத் துண்டுகளோடும் சிப்பித் துணுக்குகளோடும் பொராமினிபெரா எனப்படும் ஒருகல உயிர்களின் ஓடுகளும் மலிந்துள்ளன. யப்பானின் ஒக்கினாவாத் தீவுகளிற் புகழ்பெற்ற ‘நட்சத்திர மணல்’ இத்தகைய ஓடுகளாலாயதே. 1826இல் இக்கூட்டத்துக்குப் பெயர் சூட்டி வகுத்த டோர்பிஞ்ஞி என்னும் பிரெஞ்சு அறிஞர், அறையறையாய்ச் சுருண்ட ஓட்டை நோக்கி, இவற்றைக் கணவாய் முதலியன அடங்கும் தலைக்காலிகளுடன் சேர்த்தார். உயிருள்ளவற்றை ஆராய்ந்த துஜார்தான், இவை உறுப்புகளற்ற எளிய உயிர்களென 1835இற் காட்டினார். பின்னர், ஒரே இனத்தின் இரு தலைமுறைகள் ஓட்டின் பருமனிலும் முதலறையின் பருமனிலும் வேறுபடுதல் புலனாயிற்று. நுமுலைற்றீசு சாதியில் அவ்விரண்டும் வெவ்வேறு இனங்களாகப் பெயர் பெற்றிருந்தன. இத்திருத்தங்களைப் பதிவேட்டுத் திருத்தங்கள் என்பார் உளரோ? ஒவ்வொன்றும் உயிரின் இயல்பு பற்றிய கொள்கையையே மாற்றியது.

‘பெயர் எதற்கு? எண்ணிக்கை போதும்’ என்பாரும் உளர். பார்களைச் சூழ்ந்த நீரின் தரத்தை அளக்க ஹாலொக்கும் உடனாய்வாளரும் 2003இல் ஒரு சுட்டெண்ணை வெளியிட்டனர். அல்காக்களைத் தம்முள் வாழவைக்கும் ஓடுகளின் விகிதத்தை 10ஆலும், நெருக்கடியைத் தாங்கும் ஓடுகளின் விகிதத்தை 1ஆலும், ஏனைய சிறு ஓடுகளின் விகிதத்தை 2ஆலும் பெருக்கிக் கூட்டுவதே அது. விடை 4க்கு மேற்படின் அந்நீர் பார் வளர உகந்தது, 2க்குக் குறையின் உகந்ததன்று, இடைப்படின் ஐயத்துக்குரியது.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். 100 ஓடுகளில் முறையே 20, 10, 70 எனின் சுட்டெண் 3.5 ஆகும். மூன்றாம் வகுப்பின் 10 ஓடுகளைப் பயிற்சியற்ற மாணவன் முதல் வகுப்பெனப் பிறழக் கொண்டால் அது 4.3 ஆகிவிடும். ஐயத்துக்குரிய நீர் நன்னீராய்த் தோன்றும். இப்பிழை நேர்தல் அரிதன்று. அல்கா தாங்கும் அம்பிஸ்டெஜினாவும் வில்லை வடிவினது. அல்கா தாங்காத லென்டிகுலினாவும் வில்லை வடிவினது. ஓட்டு வாய் எங்குள்ளது, எவ்வடிவினது என்று நோக்கியே அவற்றைப் பிரித்தறிதல் வேண்டும். கூட்டலும் பெருக்கலும் எவ்வளவு செம்மையாயினும், பெயர் பிழைத்தவிடத்து எண்ணும் பிழைத்ததேயாம்.

மூலக்கூற்று ஆய்வின் பெருமையை எவரும் மறுத்தற்கில்லை. ஓட்டினால் ஒன்றெனத் தோன்றிய அம்மோனியா இனங்கள் பலவாதலை அதுவே காட்டிற்று. இக்கூட்டத்தின் பெரும்பிரிவுகளும் அதன் துணையால் 2013இல் மாற்றி வகுக்கப்பட்டன. ஆயினும் அடையலிற் கிடப்பவற்றுட் பெரும்பாலானவை உயிரற்ற வெற்றோடுகள். உயிர்ச்சுவட்டு ஓடுகளோ பல இலட்சம் ஆண்டுகள் பழைமையானவை. இவற்றை ஓட்டின் அமைப்பைக் கொண்டே அறிதல் வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணாம்புக்கல் மயோசீன் காலத்ததென்பதற்கு உரிய சான்றுகளுள் இத்தகைய ஓடுகளும் அடங்கும். படங்களை நோக்கி இனங்காணும் கணினியும், பயின்ற கண்ணொன்று முன்னரே இட்ட பெயர்களைக் கற்றே அதனைச் செய்கின்றது. ஆசான் பிழைத்தால் மாணாக்கன் பிழையாதிருப்பது எங்ஙனம்?

எனவே, இனங்காணற் செய்முறைகளைப் பாடத்திட்டத்தினின்று குறைப்பதும், மாதிரித் தொகுப்புகளைப் பேணாது விடுவதும் சிக்கனம் ஆகா. அவை அளவுகோலை முறித்தெறிந்து அளக்கப் புகுவதை ஒப்பன. வெப்பமேறும் கடலில் முருகைக்கற்பார்கள் அழிந்துவருங் காலமிது. எவை வாழ்ந்தன, எவை மறைந்தன என்பதற்கு அடையல் சாட்சி பகர்கின்றது. அச்சாட்சியின் மொழியைப் படிக்க வல்லாரைப் பல்கலைக்கழகங்கள் உருவாக்காவிடின், இழந்தது இன்னதென்று கூறுதற்கும் ஆளிராது.