பேராதனையில் ஒரு பகற்பொழுது

சென்ற தவணை விடுமுறையில் ஒரு நாள் குடும்பத்தோடு பேராதனைப் பூந்தோட்டத்துக்குச் சென்றிருந்தோம். நானும் மனைவியும் மக்கள் இருவரும், எழுபத்துநான்கு வயதான என் தாயாரும். தாயாரை அழைத்துச் சென்றதில் எனக்கு வேறொரு நோக்கமும் இருந்தது. யாழ்ப்பாணத்திலுள்ள எங்கள் வளவை விற்பதா, வைத்திருப்பதா என்ற பேச்சு வீட்டிலே சில மாதங்களாக நடந்துவருகின்றது. 1995 ஆம் ஆண்டில் இடம்பெயர்ந்தபின் நாங்கள் அங்கு குடியிருந்ததில்லை. வாங்குவதற்கு ஒருவர் ஆயத்தமாக இருக்கிறார். தாயாரோ ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. வீட்டுக்குள் வராத வார்த்தை வெளியிலே வரக்கூடும் என்று எண்ணினேன்.

மகாவலி கங்கை பேராதனையில் இலாடம்போல் வளைந்து, இத்தோட்டத்தை மூன்று புறமும் அணைத்துக்கொண்டு ஓடுகின்றது. நிலப்பரப்பு 147 ஏக்கர். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 460 மீற்றர் உயரம். நண்பகலிலும் மரநிழலில் ஒரு குளிர்மை இருந்தது. ஆற்றங்கரையிலே நிற்கும் இராட்சத மூங்கிற் புதர்களைக் கண்டதும் மகன் அவ்விடத்தை விட்டு நகர மறுத்துவிட்டான். மழைக்காலத்தில் இதன் குருத்து ஒரே நாளில் ஓரடி வரை வளரும் என்று நான் சொல்லிவிட்டதே காரணம். ஒரு குருத்தின் அருகே கையை வைத்துக்கொண்டு, வளர்கிறதா என்று கால் மணி நேரம் பார்த்தான். நான் அவசரப்படுத்தவில்லை. வகுப்பிலே இத்தனை பொறுமையை நான் கண்டதில்லை.

மேலே மரங்களில் பழந்தின்னி வௌவால்கள் கரிய பைகளைப்போல் தொங்கின. பெரும் புற்றரை நடுவே ஜாவா அத்தி மரம் ஒரு கூரைபோலக் கிளை பரப்பி நின்றது. அதன் கீழே கட்டுச்சோற்றை அவிழ்க்கும் எண்ணம் எழுந்தது. குரங்குகளை எண்ணிக் கைவிட்டோம்.

இத்தோட்டத்தை 1821 ஆம் ஆண்டில் அலெக்சாந்தர் மூன் என்பவர் தொடக்கினார். பார்ப்பதற்கு அழகு என்பதற்காக மட்டும் ஆங்கிலேயர் இதனை நடத்தவில்லை; எந்தப் பயிர் இத்தீவில் பணமாகும் என்று சோதித்துப் பார்த்த இடம் இது. சீனத் தேயிலைச் செடி 1824 இலேயே இங்கு நாட்டப்பட்டுவிட்டது. ஆனால் அக்காலத்தில் அதனைப் பொருட்படுத்தியவர் இல்லை. கோப்பியே மலைநாட்டை ஆண்டது. 1869 இல் கோப்பி இலைகளிலே செம்மஞ்சட் புள்ளிகளாக ஒரு பூஞ்சண நோய் தோன்றிற்று. அப்போது இத்தோட்டத்தின் தலைவராயிருந்த துவெயிற்ஸ் நோயுற்ற இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பி ஆராயச் செய்தார். நோய்க்குப் பெயர் கிடைத்தது, மருந்து கிடைக்கவில்லை. இருபது ஆண்டுகளுக்குள் கோப்பித் தோட்டங்கள் பெரும்பாலும் அழிந்து, தேயிலை அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது. கோப்பிப் பழம் பறிக்கும் பருவத்துக்கு வந்து ஊர் திரும்பிக்கொண்டிருந்த தமிழகத்துத் தொழிலாளர், ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க இம்மலைகளிலேயே தங்கவேண்டியவராயினர். ஓர் இலைப்புள்ளி இத்தனை குடும்பங்களை இடம் மாற்றியிருக்கிறது. நான் இதனைக் கரும்பலகையில் ஒரே வரியாக எழுதிக் கடந்து வந்தவன் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

தோட்டத்திலே பல பனைச் சாலைகள் உண்டு. 1950 இல் நாட்டிய அரசப்பனைகளை எல்லாரும் படம் பிடிக்கின்றனர். சீசெல்சுத் தீவுகளுக்குரிய இரட்டைத் தேங்காய் மரங்களும் உண்டு. தாவர உலகில் மிகப் பெரிய விதை அதனுடையதே. காய் முற்ற ஆறேழு ஆண்டுகள் செல்லும். தாயார் இவற்றையெல்லாம் மரியாதைக்காகப் பார்த்து வந்தார்.

1887 இல் நாட்டப்பட்ட பனைகளின் சாலைக்கு வந்ததும் நின்றுவிட்டார். நம்முடைய கற்பகதரு, கறுத்து, நெடிது, இரு மருங்கும். மகள் அண்ணாந்து பார்த்து, "அப்பம்மா, இதிலே நுங்கு வருமா?" என்று கேட்டாள்.

"எல்லாத்திலும் வராது, பிள்ளை. பருவப்பனையிலேதான் வரும். அந்தா, பாளை மட்டும் காய்ந்து தொங்குது பார், அது அலகுப்பனை."

தாவரவியல் கற்பிக்கும் எனக்கு ஆண்பனை, பெண்பனை என்பவை தெரியும். அலகுப்பனை என்ற சொல்லைக் கேட்டு முப்பது ஆண்டாயிற்று.

"எங்கடை வளவிலே இருபத்துமூன்று நின்றது," என்றார் தாயார். அவற்றில் ஒன்றும் இன்றில்லை. யுத்த காலத்திலே வடக்கில் எண்ணற்ற பனைகள் காவலரண்களுக்காகத் தறிக்கப்பட்டன. எங்களுடையவையும் அவ்வழியே போயின. இப்போது வேலியோரத்தில் வடலிகள் சில நிற்கின்றன.

"அந்த வடலி எது ஆண், எது பெண்?" என்றாள் மகள்.

"பாளை தள்ளும் வரைக்கும் ஒருவருக்கும் தெரியாது. அதற்குப் பன்னிரண்டு, பதினைந்து வருஷம் செல்லும்." பின்னர் என் பக்கம் திரும்பி, "அது தெரியட்டும், தம்பி. அதற்குப் பிறகு காணியைப் பற்றிக் கதைப்பம்," என்றார்.

மகள் விரல்விட்டு ஏதோ கணக்குப் பார்த்தாள். அப்பம்மாவின் வயதையும் கூட்டினாள் போலும், விடையை வாய்விட்டுச் சொல்லவில்லை. நாங்கள் ஆற்றங்கரைக்குச் சென்று, தொங்குபாலத்தருகே அமர்ந்து கட்டுச்சோற்றை உண்டோம். தாயார் வழக்கத்தைவிட இரண்டு பிடி அதிகமாக உண்டார்.

காணி வாங்க விரும்பியவருக்கு நான் இன்னும் மறுமொழி அனுப்பவில்லை.